காசு போடும் வாயும் கணக்குப் போடும் கையும்

(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

'ஸ்லாட்' என்ற தலைப்பைப் பார்த்ததும் பெரியவர்கள் சிலர் புருவம் உயர்த்தியதை நாம் கவனித்தோம். பள்ளிவாசல் மேடையில் பேசுவதற்கு இது தகுந்த பொருள்தானா என்ற ஐயம் நியாயமானதே. ஆயினும் இந்தத் தலைப்பை நாமாகத் தேர்ந்துகொள்ளவில்லை. இளைஞர்கள் கேட்ட ஒரு கேள்வியே இதை நம்மிடம் கொண்டுவந்து சேர்த்தது. "சீட்டு ஆடினால் எதிரில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான், அவன் காசை நாம் எடுக்கிறோம், நம் காசை அவன் எடுக்கிறான், அது சூது என்பது புரிகிறது. கைப்பேசியில் படங்கள் சுழல்கின்றன, எதிரில் யாருமே இல்லை. அது எப்படிச் சூதாகும்?" என்பது அவர்கள் கேள்வி. கேலிக்காகக் கேட்கப்பட்டதன்று. விடை சொல்ல வேண்டுமானால் அந்த இயந்திரத்தின் வயிற்றைத் திறந்து பார்த்தாக வேண்டும்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். நாம் கூடியிருக்கும் இந்த இடைசெவல் சொல்லுக்குப் பேர்போன மண். கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் ஒரே ஆண்டில், 1923இல், இங்கே பிறந்தவர்கள். கரிசல் வட்டாரத்து மக்கள் வாயில் வழங்கும் சொற்களைத் திரட்டி அகராதி கண்டவர் கி.ரா. இன்று அதே மக்கள் வாயில் 'ஸ்லாட்' என்ற ஆங்கிலச் சொல் தாராளமாகப் புழங்குகிறது. 2021இல் கொரோனாத் தடுப்பூசிக்காக வீடுதோறும் "ஸ்லாட் கிடைத்ததா?" என்று கேட்டோமே, அங்கே அது ஒதுக்கப்பட்ட நேரம். கடவுச்சீட்டு அலுவலகத்திற்கு நாள் வாங்கும்போதும் அதே பொருள்தான். கைப்பேசியில் சிம் அட்டையைச் செருகும் இடமும் ஸ்லாட். விமான நிலையத்தில் விமானம் இறங்குவதற்கும் ஏறுவதற்கும் குறித்துக் கொடுக்கப்படும் பொழுதும் ஸ்லாட்.

இச்சொல்லின் பழைய பொருள்கள் இன்னும் சுவையானவை. பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்திற்கு வந்தபோது, மார்பெலும்பிற்கு மேலே கழுத்தடியில் உள்ள பள்ளத்தை இது குறித்தது. நாம் தொண்டைக்குழி என்கிறோமே, ஏறத்தாழ அந்த இடம். வேடர் வழக்கில் மானின் குளம்படித் தடத்திற்கும் இப்பெயர் உண்டு. டச்சு மொழியில் இதே வடிவில் உள்ள சொல்லுக்குப் பூட்டு என்று பொருள். விழுங்கும் குழி, வேடன் தேடும் தடம், பூட்டு ஆகிய மூன்றும் ஒரே எழுத்துகளுக்குள் அடங்கியிருப்பது மொழியின் தற்செயல்தான். ஆனாலும் இன்றைய தலைப்புக்கு இதைவிடப் பொருத்தமான தற்செயல் அமையாது.

காசு போடும் துளை என்ற பொருளில் ஸ்லாட் ஒரு குற்றமும் அற்றது. நம் பள்ளிவாசல் உண்டியலின் மேலே உள்ள வாயும் ஒரு ஸ்லாட்தான். இரயில் நிலையங்களில் ஒரு ரூபாய் போட்டால் எடை காட்டும் இயந்திரம் நின்றதை நடுவயதினர் அறிவர். வண்ண விளக்குகள் சுழலும். 'டக்' என்று ஓர் அட்டை வந்து விழும். ஒருபுறம் எடை, மறுபுறம் எதிர்காலம். எடை உண்மை, எதிர்காலம் பொய். காசு போட்டுப் பேசும் மஞ்சள் நிறத் தொலைபேசியையும் நாம் மறந்திருக்க மாட்டோம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் 'ஸ்லாட் மெஷின்' என்றாலே இப்படிக் காசுக்குப் பண்டம் தரும் பெட்டிகளைத்தான் குறித்தது. இத்தகைய கருவி மிகப் பழையது. கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹீரோன் என்ற கிரேக்க அறிஞர், காசு போட்டால் தீர்த்தம் வழங்கும் ஒரு கருவியை விவரித்துள்ளார். விழுந்த காசு ஒரு தட்டைக் கீழே அழுத்தும். அடைப்பு திறந்து நீர் ஒழுகும். தட்டு சாய்ந்து காசு வழுக்கி விழுந்ததும் அடைப்பு மூடிக்கொள்ளும். இந்த ஹீரோனின் இயந்திரவியல் நூல் ஒன்று குஸ்தா இப்னு லூகாவின் அரபு மொழிபெயர்ப்பால்தான் இன்று முழுமையாக எஞ்சியிருக்கிறது என்பதையும் இடையில் சொல்லி வைக்கிறோம். கருவிகள்மீது நமக்குப் பகை ஏதுமில்லை.

இந்தப் பெட்டிகள் எல்லாவற்றிலும் ஒரு நேர்மை உண்டு. போட்ட காசுக்கு என்ன கிடைக்கும் என்பது போடும்போதே தெரியும். அந்த உறுதியை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் 'ஒருவேளை' என்பதை வைத்த அன்றே அது வேறு பொருளாகிவிட்டது.

1890களில் அமெரிக்காவின் புரூக்ளினில் சிட்மன், பிட் என்ற இருவர் ஒரு சீட்டு இயந்திரம் செய்தனர். ஐந்து உருளைகள்; அவற்றின்மேல் சீட்டுகளின் படங்கள். சீட்டுக்கட்டில் 52 சீட்டுகள் இருக்க, அந்த உருளைகளில் வழக்கமாக 50 மட்டுமே இருந்தன. இஸ்பேட்டு பத்து ஒன்று, ஆட்டின் ஜாக்கி ஒன்று ஆகிய இரண்டும் விடப்பட்டன. இவ்விரண்டும் இல்லாததால், ஆட்டத்தின் மிக உயர்ந்த சேர்க்கை விழும் வாய்ப்பு பாதியாகிவிட்டது. ஆடுபவன் கண்ணுக்கு அது தெரியாது. இந்த இயந்திரத்தின் வரலாறு தொடக்கத்திலேயே இப்படித்தான் இருந்தது.

அதே காலத்தில் சான் பிரான்சிஸ்கோவில், ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து குடியேறிய சார்லஸ் ஃபே என்பவர் மூன்று உருளை இயந்திரத்தை அமைத்தார். 'லிபர்ட்டி பெல்' என்பது அதன் பெயர். காசைப் போட்டுக் கைப்பிடியை இழுத்தால் உருளைகள் சுழன்று ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். மூன்று மணிகள் ஒரு வரிசையில் நின்றால் அதிகப் பரிசு; அது பத்துக் காசு, அதாவது அரை டாலர். ஒற்றைக் கையால் கொள்ளையடிப்பவன் என்று அமெரிக்கர்களே இதற்குப் பட்டப்பெயர் சூட்டினர். அரசு தடுக்க முனைந்தபோது, செய்பவர்கள் ஒரு தந்திரம் கண்டனர். பரிசாகப் பணமன்று, பழச்சுவையுள்ள சூயிங்கம் தருகிறோம் என்றார்கள். உருளையில் செர்ரி, எலுமிச்சை, ஆரஞ்சுப் படங்கள் வந்தது அப்படித்தான். இங்கிலாந்தில் இதற்குப் பழ இயந்திரம் என்ற பெயர் வந்ததும் அதனால்தான். இன்று கைப்பேசியில் வண்ணமயமாகச் சுழலும் அந்தச் செர்ரிப் பழம், சட்டத்தின் கண்ணில் மண்ணைத் தூவப் போட்ட பழைய வேடத்தின் மிச்சம்.

இனி கணக்குக்கு வருவோம். நம் பகுதித் திருவிழாக் கூட்டங்களின் ஓரத்தில், காவலர் கண்ணுக்கு மறைவாக நடக்கும் லங்கர் கட்டையைப் பலரும் கண்டிருப்போம். லங்கர் என்றால் நங்கூரம். ஆறு முகக் கட்டையில் எண்களுக்குப் பதில் ஆறு சின்னங்கள். அவற்றில் ஒன்று நங்கூரம். விரித்த துணியில் ஒரு சின்னத்தின்மேல் பணம் வைக்க வேண்டும். மூன்று கட்டைகள் உருட்டி, ஒரு கட்டையில் விழுந்தால் ஒரு பங்கு, இரண்டில் விழுந்தால் இரு பங்கு, மூன்றிலும் விழுந்தால் மூன்று பங்கு என்று வைத்துக்கொள்வோம். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். "ஆறு சின்னம், மூன்று கட்டை, ஆகவே பாதிக்குப் பாதி" என்று மனம் கணக்குப் போடும். உண்மை வேறு. மூன்று கட்டைகளும் 216 விதமாக விழலாம். நாம் வைத்த சின்னம் ஒன்றில்கூட விழாதவை 125. ஒன்றில் விழுபவை 75, இரண்டில் விழுபவை 15, மூன்றிலும் விழுவது 1. ஒவ்வொரு முறையும் ஒரு ரூபாய் வைத்தால் இழப்பது 125 ரூபாய். வெல்வது 75, 30, 3 சேர்த்து 108 ரூபாய். மீதி 17 ரூபாய் துணி விரித்தவனுக்கு. அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ எட்டு. அவன் கட்டையில் ஈயம் வைக்க வேண்டியதில்லை, கைச்சாமர்த்தியம் காட்ட வேண்டியதில்லை. பொறுமையாக உருட்டிக்கொண்டிருந்தால் போதும்.

ஸ்லாட் இயந்திரம் என்பது இந்த லங்கர் கட்டைதான். கட்டைக்குப் பதில் உருளை. ஆறு முகத்திற்குப் பதில் இருபது முகம். 20 நிறுத்தங்கள் கொண்ட மூன்று உருளைகள் 8,000 விதமாக நிற்கும். ஒவ்வொன்றிலும் பெரும்பரிசுச் சின்னம் ஒன்றே ஒன்று என்றால் அது 8,000இல் ஒரு முறை. இதுவரை கண்ணால் எண்ணிப் பார்க்க முடிந்தது. 1984இல் இங்கே டெல்னஸ் என்பவர் அமெரிக்காவில் பெற்ற காப்புரிமை அந்த வழியையும் அடைத்தது. வெளியே தெரியும் உருளையில் 22 நிறுத்தங்கள் இருக்கும். உள்ளே மின்னணுச் சில்லில் 64 எண்கள் கொண்ட, கண்ணுக்குத் தெரியாத வேறோர் உருளை இருக்கும். பெரும்பரிசுச் சின்னத்திற்கு அந்த 64இல் ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டு, அதன் மேலும் கீழும் உள்ள வெற்றிடங்களுக்குப் பல எண்களைக் கொடுக்கலாம். ஆடுபவன் பார்ப்பது 22ஐ மூன்று முறை பெருக்கிய 10,648. இயந்திரம் கணக்கிடுவது 64ஐ மூன்று முறை பெருக்கிய 2,62,144. கண் காட்டுவதைவிட ஏறத்தாழ இருபத்தைந்து மடங்கு அரிது.

இதில் நாம் கூர்ந்து நோக்க வேண்டியது அந்த வெற்றிடம். அதற்கு எண்கள் அதிகம் என்பதால் உருளை அடிக்கடி அங்கேதான் நிற்கும். பரிசுச் சின்னம் ஒரு விரற்கடை மேலேயோ கீழேயோ தெரியும். ஆடுபவன் "அடடா, நூலிழையில் தவறிவிட்டதே" என்பான். நூலிழையில் தவறவில்லை, சகோதரர்களே! நூலிழையில் தவறியது போலத் தோன்றுமாறு எண்கள் பங்கிடப்பட்டுள்ளன.

கைப்பேசியில் உருளையே கிடையாது. விரல் வைத்த அந்தக் கணத்தில் ஓர் எண் எடுக்கப்பட்டு முடிவு தீர்ந்துவிடுகிறது. அதன்பின் இரண்டு மூன்று நொடிகள் படங்கள் சுழல்வது முடிந்துபோன தீர்ப்புக்குப் பிறகு காட்டப்படும் வேடிக்கை. நிறுத்தும் பொத்தானை விரைவாக அழுத்தினால் அதிர்ஷ்டம் மாறும் என்பது வீண் நம்பிக்கை. "இவ்வளவு நேரமாக விழவில்லை, இனி விழுந்தே தீரும்" என்பதும் அப்படியே. ஆயிரத்தில் ஒன்று என்ற வாய்ப்புள்ள பரிசுக்காக ஒருவர் ஆயிரம் முறை ஆடினாலும், நூறு பேரில் ஏறத்தாழ 37 பேருக்கு அது ஒருமுறைகூட விழாது. ஆயிரத்து ஒன்றாவது ஆட்டத்திலும் வாய்ப்பு அதே ஆயிரத்தில் ஒன்றுதான். அதற்கு நினைவு கிடையாது. நம் இழப்பை அது கடனாக எழுதி வைத்திருப்பதில்லை.

"தொண்ணூறு சதவீதம் ஆடுபவர்களுக்கே திரும்பக் கிடைக்கிறது" என்று விளம்பரம் செய்வார்கள். இது பொய்யன்று, பொய்யைவிட ஆபத்தான உண்மை. ஆட்டத்திற்குப் பத்து ரூபாய் வைத்தால் சராசரியாக ஒரு ரூபாய் போகிறது. நிமிடத்திற்குப் பத்து ஆட்டம் என்றால் பத்து ரூபாய். நூறு ரூபாயுடன் உட்கார்ந்தவரின் பணம் சராசரியாகப் பத்து நிமிடத்தில் தீரும். திரும்பி வந்த தொண்ணூறையும் அவர் மீண்டும் வைக்கிறார், அதில் எண்பத்தொன்று வருகிறது, அதையும் வைக்கிறார். தீப்பெட்டி ஆபீசிலும் கடலைமிட்டாய்க் கூடத்திலும் நாளெல்லாம் நின்று வாங்கும் கூலி கரைய எத்தனை நிமிடம் ஆகும் என்பதை வீட்டில் கணக்கிட்டுப் பாருங்கள். இருபது ரூபாய் வைத்து ஐந்து ரூபாய் வந்தாலும் இசை முழங்கும், விளக்குகள் மின்னும். பதினைந்து ரூபாய் இழப்பை வெற்றியென்று கொண்டாட வைக்கும் ஏற்பாடு இது.

மனிதன் ஏன் விடாமல் ஆடுகிறான்? அமெரிக்க உளவியலறிஞர் ஸ்கின்னர் புறாக்களை வைத்து இதை ஆராய்ந்தார். கொத்தினால் தானியம் எப்போது வரும் என்பது நிச்சயமற்றதாக இருக்கும்போதுதான் புறா அதிகமாகக் கொத்தியது. தானியம் நின்ற பிறகும் நெடுநேரம் கொத்திக்கொண்டிருந்தது. லாஸ் வேகாஸில் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 2012இல் நூல் வெளியிட்ட நடாஷா டோ ஷூல் என்ற பேராசிரியை, முற்றிய நிலையில் உள்ளவர்கள் வெல்வதற்காக ஆடுவதில்லை, ஆடிக்கொண்டே இருப்பதற்காக ஆடுகிறார்கள் என்று கண்டறிந்தார். நேரம், பசி, வீடு, பிள்ளை எதுவும் நினைவில் இராத ஒரு நிலையை அவர்களே அவரிடம் விவரித்தனர்.

இதைப் படித்தபோது நமக்கு ஸூரத்துல் மாயிதாவின் 90, 91ஆம் வசனங்கள் நினைவுக்கு வந்தன. மதுவையும் சூதையும் தடுக்கும் இறைவன் அங்கே காரணங்களையும் கூறுகிறான்: உங்களுக்கிடையே பகையையும் வெறுப்பையும் ஷைத்தான் மூட்டுகிறான், இறைநினைவை விட்டும் தொழுகையை விட்டும் தடுக்கிறான். இளைஞர்களின் கேள்விக்கு இங்கே விடை இருக்கிறது. எதிரில் ஆள் இல்லையென்பது உண்மையன்று. கணக்குப் போட்டு வைத்துவிட்டு எழுந்து போய்விட்டவன் அந்த எதிராளி. பகை எங்கே மூள்கிறது என்றால், நகை காணாமற்போன வீட்டில், கணவன் மனைவிக்கிடையே, அண்ணன் தம்பிக்கிடையே மூள்கிறது. இரண்டாவது காரணத்திற்கோ விளக்கமே வேண்டாம்.

அறியாமைக் காலத்து அரபியர் ஆடிய மைஸிரையும் எண்ணிப் பாருங்கள். ஒட்டகத்தை அறுத்துப் பங்கிட்டு, பத்து அம்புகளைக் குலுக்கி எடுப்பார்கள். ஏழு அம்புகளுக்கு ஒன்று முதல் ஏழு வரை பங்குகள். மூன்று அம்புகளுக்கு ஒன்றுமில்லை. வென்ற இறைச்சியைத் தாம் உண்ணாமல் ஏழைகளுக்குக் கொடுப்பதைப் பெருமையாகக் கொண்டிருந்தனர். ஸூரத்துல் பகராவின் 219ஆம் வசனம் அதில் சில பயன்கள் உண்டென்பதை ஒப்புக்கொண்டே, பாவம் அதைவிடப் பெரிது என்கிறது. ஏழைக்கு இறைச்சி கொடுத்த சூதே கூடாதென்றால், ஏழையின் கூலியை விழுங்கும் சூதைப் பற்றி என்ன சொல்வது!

"மானாவாரி விவசாயமும் சூதாட்டந்தானே?" என்று கரிசல்காட்டில் சலிப்போடு சொல்வதுண்டு. மழை ஏமாற்றிய ஆண்டுகளில் அந்தச் சலிப்பின் வலி நமக்குப் புரிகிறது. ஆனால் ஒப்பீடு தவறு. உளுந்து விதைத்தவனும் பருத்தி போட்டவனும் விளைந்தால் பெறுவது பிறன் இழந்ததை அன்று. வானம் நமக்கு எதிராக நூற்றுக்குப் பத்து என்று கணக்குப் போட்டு வைத்துக்கொண்டு பெய்வதுமில்லை. அவன் எடுக்கும் ஆபத்தில் உழைப்பு இருக்கிறது, ஊருக்குச் சோறு இருக்கிறது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1968இல் அரசே தொடங்கிய பரிசுச்சீட்டு, 2003இல் தமிழகத்தில் தடை செய்யப்பட்டது. இணையவழிச் சூதாட்டத்திற்கு எதிராக, நீதிபதி கே. சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் 2022இல் தமிழக அரசு கொண்டுவந்த சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்றது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், சட்டத்தை ஏற்று, ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என அவற்றுக்கான தடையை மட்டும் நீக்கியது. 2025 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மத்திய சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் திறமை, அதிர்ஷ்டம் என்ற வேறுபாடின்றித் தடுக்கிறது. ஆடுபவரையன்றி நடத்துபவரையே தண்டிக்கிறது. எனினும் வெளிநாட்டிலிருந்து இயங்கும் செயலிகள் புதுப்புதுப் பெயரில் வருகின்றன. சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகள் அறிந்திருப்பார்கள்: அங்கே 2010இல் சூதாட்ட விடுதிகளைத் திறந்த அரசே, தன் குடிமக்கள் உள்ளே போக ஒரு நாளைக்கு 100 வெள்ளி கட்டணம் விதித்தது, 2019இல் அதை 150 ஆக்கியது. ஒருவரை உள்ளே விடாதீர்கள் என்று குடும்பத்தாரே விண்ணப்பிக்கவும் வழி வைத்திருக்கிறது. தன் மக்களுக்கு எது ஆகாது என்பது நடத்துபவருக்கும் தெரிகிறது.

கடைசியாக, நிர்வாகக் குழு நம்மிடம் கேட்ட கேள்வி. சூதில் கடன்பட்டு நிற்பவருக்கு ஸகாத்திலிருந்தோ பைத்துல்மாலிலிருந்தோ உதவலாமா? "அவன் கொழுப்புக்கு நாம் ஏன் கொடுக்க வேண்டும்?" என்று கேட்பவர்களும் நம்மில் உண்டு. ஸூரத்துத் தவ்பாவின் 60ஆம் வசனம் கூறும் எட்டு வகையினரில் கடன்பட்டோரும் ஒருவர். பாவத்திற்காகப் பட்ட கடனாயின், அவர் தவ்பா செய்த பின் கொடுக்கலாம் என்பதே ஷாஃபிஈ மத்ஹபில் வலுவான கருத்து. ஒவ்வொருவர் நிலையையும் உலமாக்கள் விசாரித்து முடிவு செய்யட்டும். நாம் வேண்டுவது நடைமுறை பற்றியது. பணத்தை அவர் கையில் கொடுக்காமல், அவர் சம்மதத்துடன் கடன் கொடுத்தவரிடமே நேராகச் செலுத்த வேண்டும். விசாரணை மூன்று பேருக்குள் நிற்க வேண்டும்; ஜும்ஆ முடிந்து வாசலில் பேசும் பேச்சாக அது ஆகக் கூடாது. அவமானத்துக்கு அஞ்சி மறைப்பவன்தான் கந்துவட்டிக்குப் போகிறான். கந்துவட்டியை அடைக்க மீண்டும் அதே துளையில் காசு போடுகிறான். உலக சுகாதார நிறுவனம் இந்த அடிமைநிலையை நோய்ப்பட்டியலில் சேர்த்திருக்கிறது. மனநல ஆலோசனைக்கு அரசின் 14416 என்ற கட்டணமில்லா எண் உள்ளது. அந்த எண்ணையும், உதவி கோருவோர் எந்த நாளில், எந்த நேரத்தில் யாரைத் தனியே சந்திக்கலாம் என்பதையும் ஒளூச் செய்யும் இடத்தில் எழுதி வைக்குமாறு நிர்வாகத்தை இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறோம்.